சாந்தோம் பேராலயமும் கூர்வளைவு வந்த வழியும்

வைத்தியத்துக்கும் துணி எடுக்கவும் சென்னைக்குச் செல்லும் நம் பழைய மாணவியர் பலர், மெரினாவுக்குத் தெற்கே வெள்ளை நிறத்தில் உயர்ந்து நிற்கும் சாந்தோம் பேராலயத்தின் 155 அடிக் கோபுரத்தைக் கண்டிருப்பர். வேதக்காரரின் கோயில் என்று கடந்து போகாமல் சற்று நின்று பார்த்தால், அதன் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கிருப்பது தெரியும்.

இயேசுவின் சீடரான புனித தோமையார் இங்கே அடக்கப்பட்டார் என்பது மரபு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அவ்வடக்கத்தலத்தைக் கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் மதித்துத் தரிசித்ததாகக் குறிப்பிடுகிறார். 1523இல் போர்த்துக்கேயர் அங்கு ஓர் ஆலயம் எழுப்பினர். அது அகற்றப்பட்டு, இன்றுள்ள கட்டடம் 1893 முதல் 1896 வரை கோதிக் பாணியில் கட்டப்பட்டது.

கோதிக் என்பது ஆரம்பத்தில் ஒரு வசைச்சொல். ரோமாபுரியைச் சூறையாடிய கோத்தியரின் பெயரைச் சொல்லி, இத்தாலிய அறிஞர்கள் அக்கலையை இகழ்ந்தனர். உண்மையில் கோத்தியருக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாரிசுக்கு அருகே சென் டெனி மடாலயத்தில் 1140 முதல் 1144 வரை நடந்த திருப்பணியே அதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

அப்பாணியின் உயிர் கூர்வளைவு. அரைவட்ட வளைவின் உயரத்தை அதன் அகலமே தீர்மானித்துவிடும். கூர்வளைவையோ அகலம் மாறாமலே உயர்த்தலாம். சுவரைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் குறையும். இவ்வடிவம் சென் டெனிக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, 879இல் நிறைவுற்ற கெய்ரோவின் இப்னு தூலூன் பள்ளிவாசலில் வரிசை வரிசையாக நிற்கிறது. வணிகர், யாத்திரிகர், போர்வீரர் வழியாக அது மேற்கே சென்றது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. லண்டன் சென் போல்ஸ் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்தோபர் ரென், கோதிக் பாணியை 'சரசேனியப் பாணி', அதாவது முஸ்லிம்களின் பாணி, என்று அழைப்பதே தகும் என எழுதினார்.

இதனால் கோதிக் முழுவதும் நம்முடையது என்று பெருமை பேசிவிட முடியாது. கூர்வளைவோடு கூரைக்கு விலாவளைவுகளையும், சுவருக்கு வெளிப்புறத் தாங்கு வளைவுகளையும் சேர்த்து, சுவர் இருந்த இடத்தை வண்ணக் கண்ணாடியால் நிரப்பியது பிரான்சிய மேசன்மாரின் சாதனை. ஒருவர் கொடுத்ததை மற்றவர் வளர்த்தார் என்பதே சரி.

நம் கரைக்கும் இது புதிதல்ல. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் பெயரால் கொடியேறுகிறது. அந்த நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங், ஓர் இந்து.

தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்துக் கிடக்கும் இக்கரையில், ஊரெல்லை தாண்டவே அஞ்சிய காலத்தை நாம் கண்டிருக்கிறோம். அக்காலத்தை அறியாத நம் பிள்ளைகளுக்கு, அடுத்த வீட்டுக் கட்டடத்தையும் நின்று பார்க்கக் கற்றுக் கொடுப்போம்.