உள்குடியும் புறக்குடியும்

'டெனிசன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதிகள் 'வாசி', 'குடியிருப்பவர்' என்று பொருள் தருகின்றன. இச்சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு மொழியில் 'உள்ளே' என்று பொருள்படும் சொல்லாகும். நகர எல்லைக்குள் வாழ்ந்தவரை அது குறித்தது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவரைக் குறித்த 'ஃபாரின்' என்ற சொல்லும் பிரெஞ்சு வழியே வந்ததுதான். அதன் இலத்தீன் மூலத்திற்குக் 'கதவுக்கு வெளியே' என்று பொருள். பிற்கால ஆங்கிலச் சட்டத்தில், அரசரின் ஆணையால் ஓரளவு உரிமை பெற்ற அயல்நாட்டவரே டெனிசன் எனப்பட்டார். அவர் நிலம் வாங்கலாம். ஆனால் மரபுரிமையாகப் பெற முடியாது. நாடாளுமன்றத்திலும் அமர முடியாது.

உள், வெளி என்ற இந்தப் பிரிவினை தமிழகத்துக்குப் புதிதன்று. சென்னை மாகாண வருவாய் ஆவணங்களில் குத்தகைக் குடிகள் உள்குடி, புறக்குடி (பரக்குடி என்றும் எழுதுவர்) என இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டனர். உள்குடி ஊரிலேயே நிலையாகத் தங்கிப் பயிரிட்டவர். வாரம் தவறாமல் கொடுக்கும்வரை அவரை வெளியேற்றுவது வழக்கமில்லை. உழும் உரிமை பிள்ளைகளுக்கும் சேரும். ஆனால் அதை விற்க முடியாது. இங்கிலாந்தின் டெனிசனுக்கு நேர்மாறான நிலை இது! புறக்குடியோ வெளியூரிலிருந்து வந்தவர். ஒப்பந்தக் காலம் முடிந்தால் அவர் போய்விட வேண்டியதுதான்.

இவ்விருவருக்கும் மேலே மிராசுதாரர் இருந்தார். கார், பிசானம் என இரு போகம் விளைந்த தாமிரபரணி நன்செய்ப் பகுதியில் அந்தணரும் வேளாளரும் பெரும்பாலும் அந்த இடத்தில் இருந்தனர். சேற்றில் இறங்கி நட்ட பண்ணையாட்களை உள்குடி என்றோ புறக்குடி என்றோ யாரும் எண்ணவில்லை. தலைமுறை தலைமுறையாக அதே ஊரில் வாழ்ந்தும் அவர்களுக்கு உழவுரிமை கிடையாது. எனவே 'உள்' என்பது வெறும் இடத்தைக் குறித்த சொல் அன்று, உரிமையைக் குறித்த சொல் என்றே கொள்ள வேண்டும்.

குடியை நிலத்திலிருந்து நீக்கலாமா என்ற கேள்வி கம்பெனியார் வருவதற்கு மிக முந்தையது. கோயில்களுக்கு நிலக்கொடை வழங்கிய கல்வெட்டுகளில் 'குடிநீங்கா', 'குடிநீக்கி' என்ற தொடர்கள் வருகின்றன. முன்னதில் பழைய உழவர்கள் நிலத்திலேயே தொடர்வர். பின்னதில் அவர்கள் அகற்றப்படுவர். இரண்டு எழுத்து வேறுபாட்டில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே அடங்கியிருந்தது.

தூத்துக்குடி, இடையன்குடி போன்ற ஊர்ப்பெயர்களிலும் குடிவாரம், குடியுரிமை, குடியரசு ஆகிய சொற்களிலும் இதே 'குடி' நிற்கிறது. (மது அருந்துபவரைக் கேலியாகக் 'குடிமகன்' என்பது வேறு கதை.) 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பயிரிடும் குத்தகைதாரர்களை வெளியேற்றத்திலிருந்து காத்தது. பிறர் நிலத்தில் வீடு கட்டி வாழ்ந்த உழவர்களுக்கும் வேளாண் தொழிலாளர்களுக்கும் அந்த வீட்டு மனையைச் சொந்தமாக்கிய சட்டம் 1971-இல் வந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பிலும் 'குடியிருப்பு' என்ற தமிழ்ச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே இடம்பெற்றுள்ளது.