நின்றுபோன ஐ.சி.க்களின் கதை

எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு 8255 என்ற எண் லேசில் மறக்காது. மைக்ரோபிராசசர் லேபில் எல்.ஈ.டி. எரிய வைப்பதிலிருந்து ஸ்டெப்பர் மோட்டார் சுற்றுவது வரை எல்லாம் இந்த 40 கால் ஐ.சி. வழியாகத்தான். எங்கள் பிராஜெக்ட்டுக்கு எடுத்த பழைய 8085 கிட்டில் இதுதான் போய்விட்டது. ரிவ்யூவுக்குப் பத்து நாள் இருந்தது. எழுமலையிலிருந்து உசிலம்பட்டி, அங்கிருந்து மதுரை டவுன்ஹால் ரோடு என்று அலைந்து கேட்டால், கடைக்கார அண்ணன் "அது இப்ப வர்றதே இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டார். ஏன் வருவதில்லை என்று தேடப்போய்க் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இது என்ன வேலை செய்கிறது? 1976-ல் வந்த 8085-க்கு வெளி உலகத்தோடு நேராகப் பேச வசதி குறைவு. நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் 8255. ஏ, பி, சி என்று மூன்று போர்ட்டுகள், மொத்தம் 24 கம்பிகள். கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் 80 என்று ஹெக்ஸில் எழுதினால் மூன்றும் அவுட்புட் ஆகிவிடும். இன்டெல் இதை 8080 பிராசசருக்காகச் செய்தது. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் கீபோர்டைப் படித்ததும் இதே ஐ.சி.தான்.

ஆனால் 1984-ல் வந்த ஐ.பி.எம். ஏ.டி.யில் கீபோர்டு வேலை வேறொரு கன்ட்ரோலருக்குப் போய்விட்டது. 1980களின் நடுவில் சிப்ஸ் அண்ட் டெக்னாலஜீஸ் போன்ற கம்பெனிகள் டைமர், இன்டரப்ட், டி.எம்.ஏ. என்று தனித்தனியாக இருந்த ஐ.சி.க்களை எல்லாம் சில சிப்களுக்குள் அடக்கிவிட்டன. அதன்பின் தனி ஐ.சி.யை மொத்தமாக வாங்க ஆள் குறைந்தது. தேவை மிஞ்சியது தொழிற்சாலை மெஷின்களிலும் நம் ஊர் லேப்களிலும்தான். சிலபஸ் மட்டும் மாறவில்லை!

இந்தியாவில் இதையெல்லாம் நாமே செய்திருக்க முடியாதா? முயற்சி நடந்தது. மொஹாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் 1984-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டில் பள்ளிகளுக்கான 'கிளாஸ்' கம்ப்யூட்டர் கல்வித் திட்டமும் தொடங்கியது. அதில் வந்தது பி.பி.சி. மைக்ரோ. அதில் 8255 கிடையாது, அதன் வேலையைச் செய்தது 6522. அந்தக் கம்ப்யூட்டரையே யூனிகார்ன் என்ற பெயரில் மொஹாலி நிறுவனம் தயாரித்தது. 1989 பிப்ரவரி 7-ஆம் தேதி அங்கே பெரிய தீ விபத்து. ஆலை நாசமானது, மீண்டும் எழப் பல ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில்தான் உலகம் வேகமாக முன்னே போனது. என்னைக் கேட்டால், நம் எலக்ட்ரானிக்ஸ் வரலாற்றிலேயே பெரிய நஷ்டம் அந்த ஒரு நாள்தான்.

ஆக, இறக்குமதிச் சரக்கை நம்பித்தான் காலம் ஓடியது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், புது ஐ.சி. பக்கத்திலேயே பழைய போர்டிலிருந்து கழற்றியதும் இருக்கும். இதில் நமக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். 2002-ல் நாசாவே ஸ்பேஸ் ஷட்டில் பூஸ்டர்களைச் சோதிக்கும் கருவிகளுக்காக 8086 சிப்களை ஈபே போன்ற தளங்களில் தேடியது. அதற்காகப் பழைய மருத்துவக் கருவிகளை வாங்கிப் பிரித்தார்கள். அவர்களுக்கே அந்த நிலைமை!

தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போலி நிறைய உண்டு. பழைய எழுத்தைச் சுரண்டி, கறுப்புப் பூச்சு அடித்து, வேறு எண் அச்சிட்டு விற்பார்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தால் மட்டமான பூச்சு கையோடு வந்துவிடும். நான்கு இலக்கத் தேதிக் குறியையும் பாருங்கள். 8723 என்றால் 1987-ன் 23-ஆவது வாரம். 1990-க்குப் பிறகு வந்த மாடலில் இந்தக் குறி இருந்தால் சந்தேகப்படலாம். சோவியத் யூனியனிலும் 8255-க்கு நகல் செய்தார்கள், அதன் பெயர் கே.ஆர்.580.வி.வி.55.ஏ. ஹாரிஸ் செய்த சிமாஸ் வகை 82சி55 கிடைத்தால் விடாதீர்கள், கரண்ட் குறைவாக எடுக்கும். ராச்செஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் நின்றுபோன ஐ.சி.க்களை உரிமம் பெற்றே விற்கிறது. மாணவன் பாக்கெட்டுக்கு அது எட்டாது.

சும்மா அவுட்புட் மட்டும் போதும் என்றால் 74373 லாட்ச் வைத்தே ஒப்பேற்றலாம். எங்கள் டிராஃபிக் லைட் மாடலுக்கு அதுவே போதும் என்று ஒரு சீனியர் சொன்னார். ஆனால் கிட்டில் இருக்கும் மானிட்டர் புரோகிராம், வயரிங் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

கடைசியில் ரிப்பேர் கடை ஒன்றில் எடைக்குப் போட வைத்திருந்த பழைய ஐ.எஸ்.ஏ. கார்டில், நல்லவேளையாக சாக்கெட்டிலேயே, என்.இ.சி. செய்த 8255 ஒன்று இருந்தது. 30 ரூபாய். கிட்டில் பொருத்தி 80 கொடுத்தோம். ஏ, பி இரண்டும் எரிந்தன. சி-யில் மேல் நான்கு பிட் மட்டும் செத்திருந்தது. சிக்னலுக்கு 12 கம்பிதான் வேண்டும், ஏ-யும் பி-யும் சேர்ந்தால் 16 இருக்கிறதே!