படுக்கையும் பாதையும்

நோய்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருந்துகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். நோயாளி என்ன தொழில் செய்தான், வைத்தியர் விதித்த ஓய்வை எடுக்க அவனால் இயன்றதா என்னும் வினாக்கள் அவ்வேடுகளில் இடம்பெறுவது அரிது. தலையிற் படும் சிறு அடியை மருத்துவம் எவ்வாறு நோக்கி வந்தது என்று ஆராயப் புகும் நாம் இவ்வினாக்களையும் உடன்கொண்டு செல்லல் வேண்டும். ஏனெனில், அவ்வரலாற்றின் பெருந்திருப்பம் நம் காலத்திலேயே நிகழ்ந்துள்ளது. அடிபட்டவனை இருட்டறையிற் கிடத்திய வைத்தியம் இன்று அவனை எழுந்து நடக்கச் சொல்கிறது. நடைக்குக் காசு வேண்டியதில்லை. ஆயினும் அது பெரியநீலாவணையில் எல்லார்க்கும் கிட்டுகிறதா?

தலை குலுங்கியமையால் மூளையின் தொழிற்பாடு சிலகாலம் தடுமாறுவதை மூளை அதிர்ச்சி என்பர். தலைவலி, தலைச்சுற்று, ஒளி கூசுதல், மறதி, கவனச் சிதறல் ஆகியன அதன் குறிகள். பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த பாரசீக மருத்துவ மேதை அல் ராஸி, தம் அரபு நூல்களில் இந்நிலையைக் கடுமையான மூளைக்காயத்தினின்றும் வேறாகப் பிரித்துக் கண்டார். ஐரோப்பிய மருத்துவர் பல நூற்றாண்டுகள் அவர் நூல்களைப் பயின்றனர் என்பதை நம் பிரதேசத்து மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று.

சிறு அடிகள் பல சேர்ந்தால் பெருங்கேடு விளையும் என்பதை 1928 இல் வெளிப்படுத்தியவர் அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்து வைத்தியர் ஹரிசன் மார்ட்லண்ட். குத்துச்சண்டைக்காரர் சிலர் ஆண்டுகள் கழிந்தபின் நடை தள்ளாடி, நாக் குழறி, அறிவு மங்கிப் போவதை அவர் விவரித்தார். கடிகார முகப்புகளுக்கு ரேடியம் பூசிய தொழிற்சாலைப் பெண்களின் நோய்க்கும் சாவுக்கும் அந்த ரேடியமே காரணம் என்று 1925 இல் எடுத்துக்காட்டியவரும் இவரே. பிறர் களிப்புக்காக அடிவாங்கிப் பிழைத்தோரையும், பிறர் இலாபத்துக்காக நஞ்சை நாவில் தொட்டோரையும் ஒரே கண் கண்டமை தற்செயலன்று. பிழைப்பின் வழியே உடலுள் நுழையும் நோயை அக்கண் தேடிற்று.

ஆயின், அடிபட்டவனுக்கு மருந்து யாது? நெடுங்காலம் கிடைத்த விடை, ஓய்வு என்பதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வைத்தியர் வெயர் மிச்சல், நரம்புத் தளர்ச்சி கண்டோரை வாரக்கணக்கிற் படுக்கையில் வைத்தார். அவ்வைத்தியம் வசதி படைத்த இல்லங்களிற் பெரிதும் பரவியது. நாட்கூலி பெறுவோன் ஒரு வாரம் படுத்தால் அடுப்பு எரியாது. எனவே அவன் ஓய்வெடாமலே எழுந்தான். ஓய்வு ஒருவருக்கு வைத்தியமாகவும் மற்றொருவருக்கு எட்டாத பொருளாகவும் இருந்தது. 1947 இல் ஆங்கில வைத்தியர் ரிச்சர்ட் ஆஷர், படுக்கையால் விளையும் கேடுகளை உறுப்புத்தோறும் எடுத்துரைத்துத் தம் துறையினரைச் சிந்திக்கச் செய்தார். ஆனால் தலைக்காய வைத்தியத்திற் படுக்கையின் ஆட்சி எளிதில் மறையவில்லை.

இதற்கிடையில் உடலுழைப்பின் பயனை அறிவியல் ஆராயத் தொடங்கியிருந்தது. 1953 இல் ஜெரி மொரிஸ் என்பார், இலண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இத்துறையின் அடிக்கல் ஆயிற்று. நாள் முழுதும் அமர்ந்திருந்த பஸ் சாரதிகளைவிட, இரட்டைத் தட்டு வண்டியில் ஓயாது ஏறி இறங்கிய நடத்துநருக்கு இருதய நோய் குறைவாகக் கண்டது. 1968 இல் அமெரிக்க விமானப்படை வைத்தியர் கென்னத் கூப்பர் எழுதிய நூல், ஏரோபிக் என்னும் சொல்லை உலகறியச் செய்தது. மூச்சு விரைந்தாலும் பேச்சு முற்றும் நின்றுவிடாத அளவில் தொடர்ந்து நடத்தல், மெல்லோட்டம், துவிச்சக்கரவண்டி மிதித்தல், நீந்தல் ஆகியவற்றை இச்சொல் குறிக்கும்.

இருதயத்துக்கு நன்மை தருவது மூளைக்கும் நன்மை தருமா? 1995 இல் எலிகளை ஓடவிட்டுப் பார்த்தபோது, நரம்பணுக்களைப் பேணும் பீடிஎன்எஃப் என்னும் புரதத்தின் ஆக்கம் அவற்றின் மூளையிற் கூடியது தெரியவந்தது. 1999 இல் சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸ் என்னும் நினைவுக்குரிய பகுதியிற் புதிய நரம்பணுக்கள் மிகுந்தன. 2011 இல் வெளியான ஆய்வொன்றில் முதியோர் 120 பேர் இரு குழுக்களாக்கப்பட்டனர். ஓராண்டு ஒழுங்காக நடந்தோரின் ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 2 வீதம் பெருத்தது. உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தோர்க்கு அது சுருங்கியது.

எனினும் காலமறிதல் இன்றியமையாதது. 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், தலையில் அடிபட்ட எலிகளுட் சில உடனேயே ஓடவிடப்பட்டன. அவற்றுக்கு நன்மை கிட்டவில்லை. இரு வாரம் கழித்து ஓடியவற்றில் அப்புரதம் கூடியது, கற்கும் திறனும் மேம்பட்டது.

மனிதரிடத்துச் சான்று மெல்லவே சேர்ந்தது. 2002 இல் நெதர்லாந்து ஆய்வொன்று, ஆறு நாள் முழுப் படுக்கை ஓய்வால் நோயாளர் விரைந்து தேறவில்லை என்று காட்டியது. 2015 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஐந்து நாள் கடும் ஓய்வு விதிக்கப்பட்ட இளைஞர், ஓரிரு நாள் ஓய்வெடுத்தோரைவிட மிகுதியான தொல்லைகளைக் கூறினர். 2019 இல் ஜோன் லெடியும் அவர் தோழரும் மூளை அதிர்ச்சி கண்ட 103 விளையாட்டு வீரரான வளரிளம் பருவத்தினரை ஆராய்ந்தனர். தொல்லையைத் தூண்டாத அளவில் நாள்தோறும் ஏரோபிக் பயிற்சி செய்தோர் 13 நாட்களிலும், மற்றையோர் 17 நாட்களிலும் தேறினர். 2022 இல் ஆம்ஸ்டர்டாமிற் கூடிய அனைத்துலக வல்லுநர் மாநாடு, முதல் ஓரிரு நாள் அளவான ஓய்வையும், அக்காலத்திலேயே மெல்லிய நடையையும், பின் படிப்படியான பயிற்சியையும் பரிந்துரைத்தது.

நெடுங்கால அறிவுநலம் பற்றி மிகைபடக் கூறலாகாது. 2020 இல் லான்செட் ஆணைக்குழு, முதுமை மறதி நோய்க்குரிய தவிர்க்கக்கூடிய காரணிகளின் பட்டியலில் தலைக்காயத்தைச் சேர்த்தது. உடலியக்கக் குறைவு அதில் முன்னரே இடம்பெற்றிருந்தது. ஒரு சிறு அடி பட்டவரெல்லாம் அறிவு மங்குவர் என்பது இதன் பொருளன்று. பெரும்பாலோர் முற்றும் தேறுகின்றனர். ஆனால் பட்ட அடியை மீட்க வழியில்லை, நாளைய நடையோ நம் கையிலுள்ளது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2019 பெப்ரவரியில் கன்பராவில் நடந்த டெஸ்ட் போட்டியில், இலங்கை வீரர் திமுத் கருணாரத்ன, பற் கமின்ஸ் வீசிய பந்து தலைக்கவசத்தின் கீழ்ப்புறம் தாக்க வீழ்ந்தார். தூக்குப்படுக்கையில் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பெருங்காயமில்லை என்று சோதனையில் தெரிந்தபின் மறுநாளே மீண்டும் துடுப்பெடுத்தாடினார். அம்மாதமே தென்னாபிரிக்காவில் அணித்தலைவராக நின்று தொடரை வென்றார். மறுநாளே திரும்பி ஆடியமையை நாம் பின்பற்றத்தக்க முறையாகக் கொள்ளவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் முதல், மூளை அதிர்ச்சி கண்டவருக்குப் பதிலாக வேறொருவர் ஆட அனைத்துலக விதி இடமளித்தது. நாம் சுட்டுவது, அவர் வீழ்ந்த கணத்தில் மைதானத்துக்குள் ஓடிவந்த வைத்தியரை.

மட்டக்களப்பு மாவட்டத்தின் எல்லையை அடுத்துக் கடலோரமாகக் கிடக்கும் பெரியநீலாவணையில், பெருந்தெருவில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழும் இளைஞனைச் சுற்றி அத்தகைய ஏற்பாடு இல்லை. வாந்தி தொடர்ந்தால், தலைவலி ஏறினால், உறக்கம் மிகுந்தால், வலிப்புக் கண்டால் தாமதமின்றி வைத்தியசாலை சேரவேண்டும் என்பதை எல்லோரும் அறிந்திருத்தல் வேண்டும். அபாயம் நீங்கி வீடு திரும்பியவன் மறுநாள் என் செய்வான்? வள்ளம் தள்ளுவான், மூட்டை சுமப்பான். இவ்வுழைப்பே உடற்பயிற்சிதானே என்பார் உளர். அன்று. பயிற்சியில் தலை வலித்தால் நிறுத்தலாம். கூலிவேலையில் நிறுத்தும் உரிமை வேலை கொடுப்பவனிடம் இருக்கிறது. வெயிலும் பளுவும் மீண்டும் அடிபடும் அபாயமும் அளந்து வருவனவல்ல. உழைப்போனுக்கு வேண்டுவது கூலியிழப்பில்லாத சில நாட்களும், பின்னர் தன் அளவில் நடக்க ஒரு வேளையும்.

பெண்ணின் நிலை இன்னும் கடிது. வீட்டில் வழுக்கி விழுந்து தலை மோதியவளுக்கு ஓய்வும் இல்லை, நடையும் இல்லை. காரணமின்றி ஒரு பெண் அரைமணி நேரம் வீதியில் நடந்தால் ஊர் காரணம் தேடும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை சூறையாடிய இக்கரை மீண்டும் எழுந்து நிற்கிறது. இக்கரையில் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் அச்சமும் கூச்சமுமின்றி நடப்பதற்கு விளக்கொளியுள்ள பாதையொன்று அமைதல், வைத்தியசாலைக் கட்டிடத்துக்கு ஒப்பான சுகாதாரப் பணியாகும்.

ஆசிரியராகிய நமக்கும் கடமையுண்டு. மைதானத்தில் தலை மோதிய மாணவன் அடுத்த வாரம் பாடத்தை மறந்தால், எழுத்துக்கள் கண்முன் ஆடுவதாகக் கூறினால், சோம்பேறி என்னும் பட்டத்தை அவனுக்குச் சூட்டுவது எளிது. அப்பட்டம் மூளை தேறிய பின்பும் மனத்தில் நிலைத்துவிடும். அவனுக்குப் பாடச்சுமையைச் சில நாள் குறைத்து, மெல்ல நடக்கவிட்டு, வைத்தியர் இசைந்த பின்னரே விளையாட்டுக்கு அனுப்புதல் வேண்டும். பரீட்சை நெருங்கியதும் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பறித்துக்கொள்ளும் வழக்கத்தையும் நாம் கைவிடுதல் தகும். கற்கும் மூளையைப் பேணும் வேளையைக் கற்பித்தலின் பெயரால் களவாடுவது நியாயமா?

ஒருகாலத்தில் ஓய்வு வசதியுள்ளோரின் மருந்தாயிருந்தது. இன்று நடையும் அவர்களுக்கே உரியதாகிவிடுதல் கூடாது. அறிவியல் தன் பங்கைச் செய்து பாதையைக் காட்டியுள்ளது. அப்பாதையை மண்ணில் அமைப்பதும், அதில் எல்லோரும் நடக்க வேளை பெற்றுக்கொடுப்பதும் மக்களின் பணி.