மெய் மிகையான கதை

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் சிறுவன் முதலில் கற்கும் சொற்களுள் ஒன்று 'வெரி' என்பது. 'மிகவும்' என்று அதற்குப் பொருள் கூறுகிறோம். ஆனால், ஆதியில் அச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை. 'மெய்யான' என்பதே அதன் பொருள். மெய்யைக் குறித்த சொல் மிகுதியைக் குறிக்க வந்தது எங்ஙனம்? அதைச் சிறிது ஆராய்வோம்.

பழைய ஆங்கிலத்தில் மிகுதியைக் குறிக்க வேறொரு சொல் வழங்கிற்று. 'வலிமை' என்னும் கருத்திலிருந்து பிறந்தது அது. 1066ஆம் ஆண்டில் நார்மண்டி நாட்டு வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அதன்பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி செல்வாக்குப் பெற்றது. 'மெய்யான' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லொன்று, 13ஆம் நூற்றாண்டில் 'வெரி'யாக ஆங்கிலத்தில் குடிபுகுந்தது. லத்தீன் மொழியின் 'வேருஸ்' என்பதே அதன் மூலம்.

அந்நூற்றாண்டுக்கு அடுத்த நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த கவிஞர் சாஸர், தம் 'காண்டர்பரிக் கதைக'ளில் வீரனொருவனை இச்சொல்லால் புகழ்கிறார். 'உண்மை வீரன்' என்பதே அங்குப் பொருள். 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்திலும் ஓர் இடம் உண்டு. கண்பார்வை மங்கிய ஈசாக்கு, தம் முன் நிற்பவன் மெய்யாகவே தம் மகன் ஏசாதானா என்று ஐயுற்றுத் தடவிப் பார்க்கிறார். அங்கு ஆளப்பட்டிருப்பதும் இச்சொல்லே. 'மிகவும்' என்று பொருள் கொண்டால், அம்முதியவரின் ஐயமே நமக்கு விளங்காது.

'இவன் மெய்யாகவே நல்லவன்' என்று ஒருவர் உறுதி கூறினால், 'மிக நல்லவன்' என்றே கேட்போர் கொள்வர். இவ்வாறு, சான்று பகர வந்த சொல் அளவு கூறும் சொல்லாயிற்று. பின்னர், மெய்யை வலியுறுத்த வேறு சொற்கள் தேவைப்பட்டன. 'ரியலி' வந்தது, அதுவும் மிகுதிச் சொல்லாக மாறியது. 'எழுத்துக்கு எழுத்து' என்று பொருள்படும் 'லிட்டரலி'யும் தப்பவில்லை. இன்றைய இளைஞர் அதைக் கெடுத்துவிட்டனர் என்று பலர் வருந்துகின்றனர். ஆயினும், பிரான்சஸ் புரூக் என்னும் ஆசிரியை 1769இலேயே தம் நாவலில் அதை வெறும் அழுத்தத்திற்காக ஆண்டிருக்கிறார்.

நீதிமன்றத்தில் பழம்பொருள் உறைந்து நிற்கிறது. தீர்ப்பைக் குறிக்கும் 'வெர்டிக்ட்' என்ற சொல்லுக்கு 'மெய்யுரை' என்பதே நேர்ப்பொருள்.

கைமாறக் கைமாற நாணயத்தின் முத்திரை தேய்வதைப் போல, ஆணையிட்டுக் கூறும் சொற்களும் அடிக்கடி வழங்குவதால் தேய்கின்றன. ஆதலின், பழைய நூலைப் படிப்போர் இன்றைய பொருளை அதன்மேல் ஏற்றாது, அந்நூல் எழுந்த காலத்துப் பொருளையே தேடிக் கொள்ளல் வேண்டும்.