தாம்பரம் வரைக்கும் ஒரு ரயில்

1931 மே மாதம் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பம்பாய்க்கு அடுத்து இந்த வசதி கண்ட நகரம் சென்னைதான். தென்மாவட்டங்களுக்குப் போகும் பாதை மீட்டர்கேஜ் என்பதால் இந்த வண்டிக்கும் அதே ஒரு மீட்டர் அகலப் பாதை வாய்த்தது. 29 கிலோமீட்டரில் சைதாப்பேட்டைக்குத் தெற்கே அநேகமாக வயலும் ஏரியும் பனைமரமும்தான். இரவில் வண்டிகளை நிறுத்தப் பணிமனையும் தாம்பரத்திலேயே அமைந்தது.

பட்டணத்துக்குள் வைத்துக்கொள்ள முடியாதவை அங்கே போய்ச் சேர்ந்தன. ரயிலுக்கு முன்பே, 1928இல், டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்கு ஒரு சானடோரியம் தொடங்கியிருந்தார். மருந்து இல்லாத காலம். திறந்தவெளி, நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு இவைதான் வைத்தியம். 1937இல் அதை அரசு ஏற்றது. அதே ஆண்டு ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து சென்னை கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுப்பக்கம் குடிவந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவியும் அந்த வறண்ட புதர்க்காட்டில் மரம் நட்டு வளர்த்தார்கள். இன்று அந்த வளாகத்துக்குள் நுழைந்தால் வெயில் சற்றுக் குறையும். தாம்பரத்தில் எனக்குப் பிடித்த வரலாறு அதுதான்.

ஆக, தாம்பரத்தின் முதல் மூலதனம் தூரம். அதை இரண்டு பக்கமிருந்தும் அரித்தார்கள். 1956இல் சென்னையிலேயே தொடங்கிய ஓர் ஆய்வு, காசநோயாளியை வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தலாம், சானடோரியத்தில் கிடக்கத் தேவையில்லை என்று உலகத்துக்கே காட்டியது. மறுபக்கம் ரயில். சீசன் டிக்கெட் கையில் இருந்தால் பாரிமுனையில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே இங்கே ஒரு கிரவுண்டு வாங்கலாம், கிணறு வெட்டலாம், முருங்கையும் வைக்கலாம். இப்படி வந்தவர்களின் ஊர் 1964இல் நகராட்சியானது.

வீட்டுமனைக் கற்கள் புஞ்சையோடு நிற்கவில்லை. நெல் விளைந்த தாழ்ந்த நிலமெல்லாம் ‘நகர்’ என்று பெயர் பெற்றது; தண்ணீர் மட்டும் பழைய வழியை மறக்கவில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் நின்றது. மழையைக் குறை சொல்வது எளிது. ஏரிப் பாசன நிலத்தில் மனை போட அனுமதித்தவர்களை அத்தனை எளிதாகச் சொல்வதில்லை.

சானடோரியம் இருக்கிறது. 1993இலிருந்து ஹெச்ஐவி நோயாளிகளையும் சேர்த்துக்கொண்ட மருத்துவமனை அது. ஆனால் சானடோரியம் நிலையத்தில் காலையில் இறங்கும் கூட்டத்தில் பெரும்பகுதி, 1984இல் வந்த ஏற்றுமதி மண்டலத்துக்கு ஷிஃப்டுக்கு ஓடுவது. நோயாளிக்காக வந்த பெயர் தொழிலாளிக்கு நிறுத்தமாகிவிட்டது.

மீட்டர்கேஜ் மின்சார வண்டி 2004 ஜூலை 1 அன்று கடைசியாக ஓடியது. அகலப்பாதை வண்டி வந்தும் நெரிசல் குறையவில்லை. 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று அக்கம்பக்கத்தையும் சேர்த்துக்கொண்டு தாம்பரம் மாநகராட்சியானது.

பட்டணத்துக்குள் அடங்காததெல்லாம் இப்போது இன்னும் தெற்கே போகிறது. மிருகக்காட்சி சாலை 1985லேயே வண்டலூருக்குப் போய்விட்டது. 2023 டிசம்பர் இறுதியில் வெளியூர்ப் பேருந்து நிலையம் கிளாம்பாக்கத்தில் திறந்தது. மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வருகிறவர்களில் பலர் அங்கே இறங்கி, மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து, ரயில் ஏறுகிறார்கள்.