‘ஆளைக் குறைக்கப் போறாங்களாம்!’: வேலை போகுமோ என்ற பயமா? கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலையில் திருத்தணி ரயில் நிலையத்தில் சென்னை மின்சார ரயிலுக்காக நிற்கும் கூட்டத்தில் கோயிலுக்கு வந்துபோகிறவர்களை விட வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். சிலர் சென்னையில் ஐடி நிறுவனங்களிலும் கடைகளிலும் வேலை பார்ப்பவர்கள். சிலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிப்ட் பார்ப்பவர்கள். எல்லை தாண்டி ஆந்திராவில் வேலை பார்ப்பவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு கம்பெனியில் ஏதோ சரியில்லை என்பது அறிவிப்பாக வருவதற்கு முன்பே பேச்சாக வந்துவிடும். “ஓவர்டைம் நிறுத்திட்டாங்க”, “கான்ட்ராக்ட் ஆளுங்கள அனுப்பிட்டாங்களாம்”, “பஸ் ரூட்ட குறைச்சிட்டாங்க” என்று தொடங்கி, “அடுத்தது நாமதானோ?” என்பதில் முடியும்.

இந்தப் பயம் நியாயமானதா? வேலை போனால் சட்டப்படி என்ன கிடைக்கும்? எந்தத் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது? விரிவாகப் பார்ப்போம்.

நோக்கியாவில் நடந்தது என்ன?

வட தமிழகத்தில் ஆட்குறைப்பு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை. 2005-ல் தமிழக அரசுடன் ஒப்பந்தம், 2006-ல் உற்பத்தி. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். அதில் பெண்கள் அதிகம். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்ததும் கிடைத்த முதல் வேலை அது, பலருக்கும்.

2013-ல் வருமான வரித்துறை சுமார் 2,000 கோடி ரூபாய் வரி கேட்டது. வழக்கு நீதிமன்றம் போனது, ஆலை முடக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்தபோது, வரிச் சிக்கலில் இருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் கைமாறவில்லை. பிறகு மைக்ரோசாஃப்டுக்காகப் போன் செய்துகொடுக்கும் இடமாக சில மாதங்கள் ஓடியது.

அந்த நேரத்தில்தான் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 5,000-க்கும் மேற்பட்டோர் அதை ஏற்று வெளியேறினர். ஆர்டர் நின்றதும் 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி முழுவதுமாக நின்றது. அதே ஆண்டு டிசம்பரில், பக்கத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது. ஒரு பெரிய கம்பெனி மூடினால், அதை நம்பி உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளும் ஆட்டம் காணும் என்பதற்கு இது உதாரணம்.

அதன் பிறகு 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொன்னது. மறைமலை நகர் ஆலையில் இழப்பீட்டுத் தொகையை உயர்த்தக் கோரி 2022-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இழப்பீட்டுத் தொகை பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது என்பதை அந்தப் போராட்டம் காட்டியது.

ஐடி ஊழியர்களுக்கு ஏன் பதற்றம்?

2025 ஜூலை 27-ஆம் தேதி, மொத்த ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப் போவதாக டிசிஎஸ் தெரிவித்தது. பாதிப்பு பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்களுக்கு என்றும் கூறியது. அதற்கு முந்தைய மாதம்தான், ஆண்டுக்கு 225 நாட்கள் பிராஜெக்டில் இருக்க வேண்டும், ‘பெஞ்ச்’ 35 நாட்களுக்கு மேல் போகக்கூடாது என்ற விதி வந்திருந்தது. அரசு வேலை மாதிரி என்று சொல்லப்பட்ட நிறுவனத்திலேயே இப்படி என்றால் மற்ற இடங்களில் என்ன ஆகும் என்ற கேள்வி அப்போது எழுந்தது.

லே-ஆஃப் வேறு, ஆட்குறைப்பு வேறு!

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ‘லே-ஆஃப்’ என்கிறோம். சட்டத்தில் அது வேறு.

லே-ஆஃப் என்பது தற்காலிகம். மூலப்பொருள் இல்லை, மின்சாரம் இல்லை, இயந்திரம் பழுது போன்ற காரணங்களால் வேலை தர முடியாத நிலை. வேலை போகாது. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் ஓராண்டு பணி முடித்தவருக்கு அந்த நாட்களில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பாதி கிடைக்கும்.

ஆட்குறைப்பு என்பது நிரந்தரம். தண்டனையாக இல்லாமல், வேறு காரணத்துக்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்புவது. இதற்குத்தான் நோட்டீஸ், இழப்பீடு எல்லாம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: ராஜினாமா. எச்.ஆர் அறையில் “நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க, உங்க ரெக்கார்டுக்கு நல்லது” என்று சொல்லி வாங்குவதும் இதில்தான் சேரும். சிக்கலே இங்குதான் இருக்கிறது.

ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்?

தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. வேலையிழந்தவர்களுக்கான இஎஸ்ஐ உதவித்தொகையும் கிடைக்காது. பிறகு தொழிலாளர் துறைக்குப் போனாலும், “அவராகத்தான் எழுதிக் கொடுத்தார்” என்று நிறுவனம் அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டும். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டிய சுமை ஊழியர் தலையில் விழும்.

அதனால் முதல் வேலை, அவகாசம் கேட்பது. “வீட்ல கேட்டுட்டு சொல்றேன், எனக்கு எழுத்துல குடுங்க” என்று சொல்வதில் தவறே இல்லை. அன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கட்டாயப்படுத்தினால், நடந்ததை அன்றே மின்னஞ்சலில் நிறுவனத்துக்கு எழுதி, ஒரு நகலைச் சொந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது.

விருப்ப ஓய்வுத் திட்டம் என்றால், கொடுக்கும் மொத்தத் தொகையில் கிராஜுவிட்டி, நோட்டீஸ் சம்பளம், விடுப்புச் சம்பளம் எல்லாம் சேர்ந்திருக்கிறதா, தனியா என்று பார்க்க வேண்டும். பெரிய தொகைபோல் தெரிவதில் பாதி, எப்படியும் கிடைக்க வேண்டிய பணமாக இருக்கலாம்.

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாக, தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. முக்கிய அம்சங்கள்:

* ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை அனுப்ப, காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு மாத எழுத்துப்பூர்வ நோட்டீஸ், அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். 12 மாதத்தில் 240 நாட்கள் வேலை பார்த்திருந்தாலே ஓராண்டாகக் கணக்கு.
* முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு.
* ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்புவதுதான் பொது விதி. மாற்றினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும்.
* மறுதிறன் நிதியாக 15 நாள் சம்பளத்தை நிறுவனம் கூடுதலாகச் செலுத்த வேண்டும். அது 45 நாட்களுக்குள் ஊழியர் கணக்குக்கு வர வேண்டும்.
* ஆலைகளில் ஆட்குறைப்புக்கும் மூடுவதற்கும் அரசின் முன் அனுமதி தேவை என்ற விதி முன்பு 100 பேர் இருந்தாலே பொருந்தும். இப்போது 300 பேர் இருந்தால்தான்.

கடைசி அம்சம்தான் தொழிற்சங்கங்களின் பெரிய எதிர்ப்புக்குக் காரணம். 150 பேர் வேலை பார்க்கும் ஒரு உதிரிபாக ஆலை இனி அனுமதி கேட்காமலே ஆட்களைக் குறைக்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அனுமதி தேவையில்லை என்பதால் நோட்டீஸும் இழப்பீடும் தேவையில்லை என்று ஆகாது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை பக்கம் உள்ள சிறிய விசைத்தறிக் கூடத்துக்கும் அது பொருந்தும்.

எவ்வளவு பணம் வரும்? ஒரு கணக்கு

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 20,000 ரூபாய் வாங்கும் ஒருவர், 6 ஆண்டு முடித்து ஆட்குறைப்பில் வெளியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோராயமாக:

* நோட்டீஸ் சம்பளம்: 20,000
* இழப்பீடு (10,000 x 6): 60,000
* மறுதிறன் நிதி: 10,000
* கிராஜுவிட்டி (20,000 x 15 ÷ 26 x 6): 69,231

மொத்தம் சுமார் 1,59,000 ரூபாய். இதோடு பாக்கி சம்பளம், விடுப்புச் சம்பளம், பிஎஃப் பணம் தனி. இதே நபர் ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தால் கிராஜுவிட்டி கிடைக்கும். முதல் மூன்றும் கிடைக்காது. ஒரு கையெழுத்தின் விலை இங்கே சுமார் 90,000 ரூபாய்!

பாக்கி சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்புச் சட்டம்.

பிஎஃப், இஎஸ்ஐ எப்படி?

வேலை போனவுடன் பிஎஃப் தொகையில் 75 சதவீதத்தை எடுக்கலாம், மீதியை 12 மாதத்துக்குப் பிறகு எடுக்கலாம் என்று 2025 அக்டோபரில் பிஎஃப் மத்திய அறங்காவலர் வாரியம் முடிவெடுத்தது. வெளியேறிய தேதியை நிறுவனம் பதிவு செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, செல்போன் எண் எல்லாம் யுஏஎன் கணக்கில் சரியாக இருக்கிறதா என்பதை வேலையில் இருக்கும்போதே சரிபார்ப்பது நல்லது.

இஎஸ்ஐ-யில் இருப்பவர்களுக்கு இன்னொரு உதவி உண்டு. ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலையிழந்தால், குறைந்தது 2 ஆண்டு பங்களிப்பு செலுத்தியவருக்கு ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவில் முதல் 12 மாதம் சராசரி ஊதியத்தில் 50 சதவீதமும், அடுத்த 12 மாதம் 25 சதவீதமும் கிடைக்கும். இப்படி ஒரு திட்டம் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

ஐடி ஊழியர், கான்ட்ராக்ட் ஊழியருக்கும் இது உண்டா?

விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று இருப்பதால் மட்டும் உரிமை போய்விடாது. உண்மையில் என்ன வேலை பார்க்கிறார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 2015 ஜனவரியில், ஐடி நிறுவனம் ஒன்று கர்ப்பிணி ஊழியரைப் பணிநீக்கியதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-ல் தெளிவுபடுத்தியது.

கான்ட்ராக்ட் ஊழியர்களைத்தான் முதலில் அனுப்புவார்கள். ஆனால் ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால், அதைக் கொடுக்கும் பொறுப்பு வேலை வாங்கிய நிறுவனத்துக்கு உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியாக எடுக்கப்பட்டவர்களுக்கு, ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டி என்கிறது புதிய சட்டம்.

திருத்தணியில் வீடு, ஆந்திராவில் வேலை. எங்கே புகார் கொடுப்பது?

1960-ல் தமிழ்நாட்டோடு இணைந்த திருத்தணிக்கு எல்லை என்பது பேருந்தில் சில நிமிடத் தூரம்தான். ஆனால் தொழிலாளர் சட்டத்தில் பொதுவாக வேலை பார்த்த இடம்தான் கணக்கு. ஸ்ரீசிட்டியிலோ நகரியிலோ வேலை பார்த்தவர், ஆந்திர தொழிலாளர் துறையைத்தான் அணுக வேண்டும். ஒரகடத்தில் வேலை பார்த்தவர் தமிழகத் தொழிலாளர் துறையை அணுகலாம்.

முதலில் சமரச அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். 45 நாட்களில் தீர்வு இல்லையென்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேலை போன நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியது என்ன?

* பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை, பாராட்டுக் கடிதங்கள் ஆகியவற்றின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை போன அன்றே அலுவலக மின்னஞ்சல் முடங்கிவிடும்.
* நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களைத் தொடாதீர்கள். அதையே காரணமாக்கி நடவடிக்கை எடுக்கலாம்.
* வதந்தியை நம்பி அவசரமாக வேலையை விட வேண்டாம். அதே நேரம் புதிய கடன், புதிய மாதத் தவணை எடுப்பதைத் தள்ளிப்போடலாம்.
* வீட்டில் சொல்லிவிடுங்கள். வேலை போன பிறகும் தினமும் சாப்பாட்டு டப்பாவோடு ரயில் ஏறிப் போகிறவர்களும் உண்டு.

நோக்கியா மூடிய அதே இடத்தை 2019-ல் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. உற்பத்தியை நிறுத்திய ஃபாக்ஸ்கான், இன்று அதே பகுதியில் ஐபோன் தயாரிக்கிறது. கம்பெனிகள் போகும், வரும். இடைப்பட்ட மாதங்களில் ஒரு குடும்பம் தாக்குப்பிடிக்க, சட்டம் கொடுத்திருக்கும் பணம் கைக்கு வந்தாக வேண்டும். அதற்கு, எந்தத் தாளாக இருந்தாலும் படித்துப் பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.