ஏழரைக் கிலோ

வண்டியின் எடை ஏழரைக் கிலோ என்று என் நண்பன் சொன்னதுமே அவன் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஏழரையக் கொண்டாந்து நடுவீட்டுல நிறுத்துறியா? ஏழே முக்கால்னு சொல்லுடா." உண்மையில் அம்மாவின் கணக்குதான் சரி. ரேஸ் சைக்கிள்களின் விலைப்பட்டியலில் போடும் எடை பெரும்பாலும் பெடல் இல்லாத எடை. பெடல் ஒரு ஜோடி கால் கிலோ வரும்.

அவனுக்கு வீடு படப்பையில், வேலை ஒரகடத்தில் ஓர் உதிரிபாக ஆலையின் பிரஸ் ஷாப்பில். பதினைந்து வருடமாக எஃகுத் தகட்டைத் தவிர வேறெதையும் பொருளாக மதிக்காதவன், கார்பன் சைக்கிள் வாங்கக் கடன் போட்டான். அந்த வண்டி எங்கே பிறந்து எப்படி அந்த நடுவீட்டுக்கு வந்தது என்று தேடப் போனதில் எனக்குத்தான் வேலை கூடிப்போனது.

முதலில் அது பெட்ரோலியம். அதிலிருந்து அக்ரிலோநைட்ரைல் என்ற திரவம், அதிலிருந்து நூல். கிட்டத்தட்ட ஊட்டியில் வாங்கும் அக்ரிலிக் ஸ்வெட்டரின் நூல்தான். அந்த நூலைக் காற்றுள்ள அடுப்பில் 200 முதல் 300 டிகிரிவரை பதமாக வாட்டினால் மஞ்சளாகி, பழுப்பாகி, கறுக்கிறது. பிறகு காற்றே இல்லாமல், நைட்ரஜனுக்குள், ஆயிரம் டிகிரிக்கு மேல். எரியாமல் கரியாக வேண்டும் என்பதுதான் சூட்சுமம். எடையில் பாதி போய்விடும். மிஞ்சுவது தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாத கரி இழை. ஜப்பானில் அகியோ ஷிண்டோ 1961-இல் இந்த வழியைக் காட்டினார். டோரே நிறுவனம் 1971-இல் வணிகத்துக்குக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் அது தூண்டில் கோலாகவும் கோல்ஃப் மட்டையாகவும் போயிற்று. 1986-இல் கிரெக் லெமாண்ட் லுக் நிறுவனத்தின் கார்பன் ஃபிரேமில் டூர் டி பிரான்ஸை வென்றார். மறுவருடமே தைவானின் ஜயண்ட் அதைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கியது.

நண்பனுக்கு இதில் ஏதும் ஆச்சரியமில்லை. அவனை உலுக்கியது அடுத்த கட்டம். கார்பன் ஃபிரேமை யாரும் வார்ப்பதில்லை, அடிப்பதில்லை. வெட்டி ஒட்டுகிறார்கள். எப்பாக்ஸிப் பிசின் ஊறிய இழைத் தாள் ஃப்ரீசரிலிருந்து வருகிறது. வெளியே கிடந்தால் பிசின் இறுகத் தொடங்கிவிடும். அதை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, இந்தத் துண்டு இந்த மூலைக்கு, இந்தக் கோணத்தில் என்று மனிதக் கைதான் ஒவ்வொன்றாகச் சுற்றுகிறது. வளையாமல் இருக்க இழை குழாயின் நீளவாக்கில் ஓட வேண்டும். முறுக்கிக்கொள்ளாமல் இருக்க 45 டிகிரி சாய்வில். பிறகு அச்சில் வைத்து மூடி, உள்ளே பலூனை ஊதி, சூடேற்றி இறுக்குகிறார்கள். "இது பிரஸ் ஷாப் இல்லடா, தையக்கடை" என்றான்.

நான் அவனை இன்னும் கொஞ்சம் மேற்கே கூட்டிப்போனேன். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் தாண்டினால் காஞ்சிபுரம். அங்கே பாவையும் ஊடையையும் தவிர வேறு பேச்சு கிடையாது. கார்பன் வண்டியின் மேல் பளபளக்கும் சதுரக் கட்டம் பாவும் ஊடையுமாக நெய்த துணி, பெரும்பாலும் அழகுக்கு. சுமை தாங்கும் உள் அடுக்குகளில் அநேகமாக ஊடையே இருக்காது, வெறும் பாவுதான், ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு திசையில். கோர்வைப் புடவையில் கரையும் உடலும் சேரும் இடத்தில்தான் நெசவாளியின் திறமை தெரியும் என்பார்கள். கார்பன் ஃபிரேமிலும் குழாய்கள் சேரும் மூட்டுகளில்தான் தெரியும்.

இந்தச் சாலையில் ஓடுகிற எல்லாமே இங்கேதான் பிறக்கின்றன என்ற ஒரு மிதப்பு எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு உண்டு. ஹூண்டாய் 1998-இலேயே இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010-இல், டெய்ம்லர் லாரி 2012-இல், ராயல் என்ஃபீல்டு 2013-இல். சைக்கிள் என்றால் அம்பத்தூரில் 1949-லிருந்தே டிஐ சைக்கிள்ஸ். அத்தனையும் துறைமுகத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்க, இவன் வண்டி மட்டும் எதிர்த்திசையில் வந்தது. ஒட்டியிருந்த பெயர் ஐரோப்பாவுடையது, ஃபிரேம் தைவானுடையது, கியர் 1921-இல் ஒசாகா பக்கத்து சகாயில் தொடங்கிய ஷிமானோவுடையது. 2023 பட்ஜெட்டில் சைக்கிளுக்கான சுங்க வரி 30 சதவீதத்திலிருந்து 35 ஆனது; 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 12-லிருந்து 5-ஆக இறங்கியது. அந்த இறக்கத்துக்காகவே காத்திருந்து வாங்கினான்.

கடையில் மூன்று வண்டிகள் நின்றன. மிக லேசானது ஏழு கிலோவுக்குக் கீழே, விலை இவனுடைய பைக்கைவிட அதிகம். உலக சைக்கிள் சங்கம் 2000-இலிருந்து பந்தய வண்டிக்கு 6.8 கிலோ என்று கீழ் வரம்பு வைத்திருக்கிறது. அதை ஒட்டி வாங்கவேண்டிய அவசியம் வயிறு முன்னால் வந்த நமக்கு என்ன என்று கேட்டேன். அவன் இன்ஜினீயர், காகிதம் எடுத்தான். மலையில் 600 மீட்டர் உயரம் ஏற வேண்டும், காலில் 200 வாட் சக்தி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோ குறைந்தால் மிச்சமாவது ஒரே ஒரு நிமிடம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்றால் அந்த ஏற்றத்துக்கே நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். கணக்கைப் போட்டுவிட்டுத் தன் வயிற்றை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

பிறகுதான் சரியான கேள்விகள் வந்தன. முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் 34. ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரே சுற்று, இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 70 மிதி மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக மூச்சு வாங்காமல் ஏறலாம். பழைய பந்தய கியரான 39-க்கு 25-இல் அதே வேகத்துக்கு மிதி 45-ஆகக் குறைந்து, முழங்கால்தான் அழும். அடுத்தது டயர்: 32 மில்லிமீட்டர்வரை இடம் கொடுக்கும் ஃபிரேம். மலை இறங்க டிஸ்க் பிரேக். கொஞ்சம் எடை கூடும், கூடட்டும். கடைசியாக அளவு. கடைத் தம்பி கால் உயரம், கை நீளம், தோள் என்று டேப் பிடித்து அளந்தபோது அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். தையக்கடையேதான்.

அவனுடைய ஆசை பிரெவே என்னும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம், 600-க்கு நாற்பது. யாரையும் முந்த வேண்டியதில்லை, நேரத்துக்குள் முடித்தால் போதும். அதன் உச்சம் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ், 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். அவ்வளவு நேரம் உட்கார வேண்டியவனுக்கு அரைக் கிலோவைவிட இடுப்பு முக்கியம். ஆக, நடுவில் நின்ற ஏழரைக் கிலோ வண்டி வீட்டுக்கு வந்தது.

முதல் வாரமே பஞ்சர். எங்கள் சாலையில் ஆணி குறைவு, கம்பி அதிகம். லாரி டயர் வெடித்துச் சிதறும்போது உள்ளிருக்கும் எஃகு இழைகள் முடிபோல ஓரமெல்லாம் கிடக்கும். அதில் ஒன்று ஏறிவிட்டது. எஃகு அவனைப் பழிவாங்கிவிட்டதாகச் சொன்னான். அடுத்த வாரம் காரின் பின்னால் கட்டிக்கொண்டு ஏலகிரி போனோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர். அவன் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டு ஏறினான். பாதிக்கு மேல் படிக்கும் சத்தம் வரவில்லை. ஆனால் கால் தரையில் படவே இல்லை. இறங்கி வந்து வண்டியை நிறுத்தும்போது சாய்ந்து ஒரு கல்லில் மோதியது. கார்பனின் கெட்ட குணம் இதுதான்: எஃகு நசுங்கிக் காட்டிக்கொடுக்கும், இது உள்ளே பிளந்தாலும் வெளியே சிரிக்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிப் பார்த்தோம். எங்கும் ஒரே கணீர் ஒலி. ஓரிடத்தில் மந்தமாகக் கேட்டிருந்தால் பயப்பட வேண்டும்.

"பூஜை போடாம ஓட்டினா இப்படித்தான்" என்றார் அம்மா. செவ்வாய்க்கிழமை வல்லக்கோட்டைக்குப் போனோம். மலையே இல்லாத எங்கள் ஊரில் முருகன் சமதளத்தில்தான் நிற்கிறார், ஏழடி உயரத்தில். கோயில் வாசலில் புது லாரி ஒன்று, இரண்டு பைக், இந்தச் சைக்கிள். லாரி எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு போனது. இவன் வண்டியை மெல்லத் தள்ளினான். சக்கரம் பழத்தின்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் தள்ளினான், உருண்டு ஓரமாகப் போயிற்று.

அம்மா பழத்தை எடுத்து மீண்டும் சக்கரத்தடியில் வைத்தார். "நீ ஏறி உக்காருடா."